டாம்பாவை நோக்கி வந்த மில்டன்: வரைபடத்துக் கோடும் வாசலுக்கு வந்த நீரும்

2024 அக்டோபர் 7-ம் தேதி திங்கட்கிழமை இரவு, இஷா தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் பள்ளிவாசல் தாழ்வாரத்திலேயே உட்கார்ந்திருந்தார். கையில் செல்போன். மணி எட்டரையை நெருங்கிக்கொண்டிருந்தது.

"என்ன காக்கா, வீட்டுக்குப் போகலையா?" என்றேன்.

"எட்டரைக்குப் புதுசு வரும் ஹஜ்ரத். அதைப் பாத்துட்டுப் போறேன்" என்றார்.

புதுசு என்று அவர் சொன்னது, அமெரிக்காவின் மியாமியில் இருக்கும் தேசிய சூறாவளி மையத்தின் அறிக்கையை. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை முழு அறிக்கை வெளியாகும். அங்கே காலை 11 மணி என்றால் நமக்கு இரவு எட்டரை. அடுத்தது நமக்கு நள்ளிரவு கடந்து இரண்டரை மணிக்கு. அவருடைய மகளும் மருமகனும் இரண்டு பேரப் பிள்ளைகளும் ஃபுளோரிடா மாநிலத்தின் டாம்பா நகரில் இருக்கிறார்கள். மெக்சிகோ வளைகுடாவின் மேற்குப் பகுதியில் 5-ம் தேதி உருவான மில்டன் என்ற புயல், அந்த நகரை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தது.

அறிக்கை வந்தது. போனை என் பக்கம் திருப்பினார். நீலக் கடலின் மீது வெள்ளைக் கூம்பு ஒன்று. அதன் நடுவே ஒரு கருப்புக் கோடு. "கோடு புள்ள வீட்டு மேலதான் போவுது" என்றார். குரல் உடைந்திருந்தது.

அவர் பயந்ததில் தவறில்லை. அடுத்த சில மணி நேரத்தில் மில்டன் ஐந்தாம் வகைச் சூறாவளியாக வளர்ந்து, காற்றின் வேகம் மணிக்கு சுமார் 285 கிலோமீட்டரை எட்டியது. சூறாவளிகளுக்கு அதற்கு மேல் வகையே இல்லை. ஒன்றரை நாளுக்கு முன்புவரை அது சாதாரணப் புயல். மியாமித் தொலைக்காட்சியில் பல்லாண்டு அனுபவமுள்ள வானிலையாளர் ஜான் மொராலஸ், பத்து மணி நேரத்தில் அழுத்தம் 50 மில்லிபார் குறைந்துவிட்டது என்று சொல்லும்போதே நேரலையில் கண்கலங்கினார். அந்தக் காட்சியும் பெரியவரின் போனுக்கு வந்து சேர்ந்திருந்தது.

இந்தக் கூம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருக்கும் நம் வீடுகளில் இன்று பலரும் இதைப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் தவறாகவே படிக்கிறார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் அப்படித்தான் படிக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

அந்தக் கூம்பு புயலின் அளவைக் காட்டுவதில்லை. புயலின் மையப்புள்ளி எங்கெல்லாம் செல்லக்கூடும் என்பதை மட்டுமே காட்டுகிறது. கடந்த ஐந்து ஆண்டுகளில் அந்த மையத்தின் கணிப்புகள் எவ்வளவு பிசகின என்று கணக்கெடுத்து, அந்தப் பிசகின் அளவுக்கு வட்டங்கள் போட்டு, வட்டங்களை இணைத்தால் கூம்பு கிடைத்துவிடும். 2024-ம் ஆண்டுக் கூம்பில் ஒரு நாளுக்கு முந்தைய கணிப்புக்கான வட்டத்தின் ஆரம் சுமார் 75 கிலோமீட்டர். ஐந்து நாளுக்கு முந்தைய கணிப்புக்கு அது ஏறத்தாழ 400 கிலோமீட்டர். அவ்வளவு பெரிய கூம்பைப் போட்டும்கூட, மூன்றில் இரண்டு முறைதான் மையம் அதற்குள் நிற்கும். மூன்றில் ஒருமுறை வெளியே போய்விடும். இது கணிப்பாளர்களே வெளிப்படையாகச் சொல்வது.

ஆக, கூம்புக்கு வெளியே இருப்பவருக்கு ஆபத்தில்லை என்று அந்தப் படம் எங்கும் சொல்லவில்லை. கோட்டின் மேல் இருப்பவருக்குத்தான் பெரிய ஆபத்து என்றும் சொல்லவில்லை. ஆனால் மனிதக் கண் கோட்டைத்தான் தேடுகிறது. "என் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்?" என்றுதான் அளக்கிறது. கோடு பத்து கிலோமீட்டர் நகர்ந்தால் நிம்மதிப் பெருமூச்சு. திரும்ப நகர்ந்தால் தூக்கம் போய்விடுகிறது. காக்காவும் திங்கள் முதல் வியாழன் வரை இதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

அவருக்கு இதில் ஒரு பழைய காயமும் உண்டு. 2018 நவம்பரில் கஜா வந்தபோது, வட தமிழகக் கரையைத்தான் தொடும் என்று முதலில் சொன்னார்கள். பிறகு கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே என்றார்கள். கடைசியில் 16-ம் தேதி அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. விடிந்தபோது காக்காவின் தென்னந்தோப்பில் நின்ற மரங்களை விரல்விட்டு எண்ணலாம். அதனால் அவர் எந்தக் கோட்டையும் நம்புவதில்லை. ஆனாலும் கோட்டைத் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை.

ஃபுளோரிடாவின் மேற்குக் கரைக்கும் இப்படி ஒரு வரலாறு இருக்கிறது. அந்தக் கரை ஏறக்குறைய வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது. கியூபா பக்கமிருந்து வடக்கே ஏறிவரும் சூறாவளி, கரையை ஒட்டிக்கொண்டே வரும். சுவரை ஒட்டி நடப்பவர் சற்றே தோள் சாய்த்தாலும் சுவரில் உரசுவது போல, புயலின் திசையில் இம்மி மாற்றம் வந்தாலும் கரை தொடும் இடம் நூறு கிலோமீட்டருக்கு மேல் மாறிவிடும். கணிப்பு சிறிதளவே பிசகியிருக்கும்; கரையில் நிற்பவருக்கோ ஊரே மாறிப்போயிருக்கும்.

2004 ஆகஸ்ட் 13 அன்று சார்லி சூறாவளியில் இதுதான் நடந்தது. டாம்பாவைக் குறிவைத்து வருகிறது என்று எல்லோரும் டாம்பாவைப் பார்த்துக்கொண்டிருக்க, அது முன்னதாகவே வலப்புறம் திரும்பி, தெற்கே கயோ கோஸ்டா தீவு வழியாகப் புகுந்து புன்டா கோர்டா ஊரை நொறுக்கியது. அந்த மெலிந்த கருப்புக் கோட்டையே பார்க்காதீர்கள் என்று சூறாவளி மையம் அதன் பிறகு சொல்லிச் சொல்லி அலுத்துப்போனது.

பதினெட்டு ஆண்டு கழித்து, 2022 செப்டம்பர் 28 அன்று இயன் சூறாவளி வந்தது. முதல் சில நாள் கணிப்புகளில் கோடு மறுபடியும் டாம்பாவை ஒட்டியே இருந்தது. டாம்பா பகுதி மக்கள் மூட்டை கட்டிக் கிளம்பினார்கள். கோடு மெல்ல மெல்லத் தெற்கே நகர்ந்தது. கடைசியில் மணிக்கு 240 கிலோமீட்டர் வேகக் காற்றுடன் கரை தொட்ட இடம், நம்ப முடியாதபடி, சார்லி புகுந்த அதே கயோ கோஸ்டா தீவு. அதற்குச் சற்றுத் தெற்கே, ஃபோர்ட் மயர்ஸ் கடற்கரையில் கடல் பத்து முதல் பதினைந்து அடி உயரத்துக்கு ஏறியது.

அந்த ஊர் லீ மாவட்டத்தில் இருக்கிறது. பக்கத்து மாவட்டங்கள் 26-ம் தேதியே மக்களை வெளியேறச் சொல்லிவிட்டன. லீ மாவட்டம் 27-ம் தேதி காலையில்தான் உத்தரவிட்டது. புயல் கரை தொட்டது மறுநாள் பிற்பகல். ஏன் தாமதம் என்று கேட்டபோது, கோடு வடக்கே அல்லவா இருந்தது என்பதே அதிகாரிகளின் பதிலாக இருந்தது. அந்த மாவட்டத்தின் சில பகுதிகள் தொடக்கத்திலிருந்தே கூம்புக்குள் இருந்தன. ஃபுளோரிடாவில் இயனால் இறந்தவர்கள் சுமார் 150 பேர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் லீ மாவட்டத்தார். வயதானவர்கள் பலர், நீரில் மூழ்கி.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் நகர முடியவில்லை. கோடு தெற்கே நகர்ந்த அந்த நாளில் டாம்பாவில் எத்தனை வீடுகளில் இறைவனுக்கு நன்றி சொல்லியிருப்பார்கள்! சொல்வதில் குற்றமில்லை. நானும் என் பிள்ளைகளும் அங்கே இருந்திருந்தால் அல்ஹம்துலில்லாஹ் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் புயல் திசை மாறியது என்றால் யாரோ ஒருவரை நோக்கி மாறியது என்றுதான் பொருள். மாறிய செய்தி அந்த யாரோ ஒருவருக்குத்தான் கடைசியாகப் போய்ச் சேர்கிறது. இத்தனை நாளும் அவரிடம், "உங்களுக்கு இல்லை, டாம்பாவுக்கு" என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மில்டனுக்கு வருவோம். அது வருவதற்கு இரண்டு வாரம் முன்பு, செப்டம்பர் 26 இரவு, ஹெலீன் சூறாவளி ஃபுளோரிடாவின் வடக்கே பெர்ரி என்ற ஊருக்கு அருகே கரை கடந்தது. டாம்பாவைத் தொடவே இல்லை. நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிக் கடலிலேயே கடந்து போனது. வரைபடத்தில் கோட்டை மட்டும் பார்த்தவர்கள் நிம்மதியாகப் படுத்தார்கள். கடல் வீட்டுக்குள் வந்தது. டாம்பாவுக்கு எதிர்க்கரையில், செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரை உள்ளடக்கிய பினெல்லஸ் மாவட்டத்தில் மட்டும் பன்னிரண்டு பேர் இறந்தார்கள். அதே புயல் கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உள்ளே சென்று, வட கரோலினா மலைப்பகுதியில் ஆஷ்வில் வட்டாரத்தையே வெள்ளத்தில் அழித்தது. மொத்தம் இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள். மலையில் வாழ்கிறவர் சூறாவளிக் கூம்பைப் பார்த்து என்ன செய்வார்?

ஹெலீனில் நனைந்த மெத்தைகளும் சோபாக்களும் தெருவோரம் மலைபோல் குவிந்து கிடக்கும்போதே மில்டன் வருகிறது என்றார்கள். அள்ளி முடிக்க நேரமில்லை. காற்று அடித்தால் அந்தக் குப்பையே ஆயுதமாகும் என்று லாரிகள் இரவு பகலாக ஓடின. டாம்பா வளைகுடாவில் 10 முதல் 15 அடி வரை கடல் ஏறலாம் என்று எச்சரிக்கை வந்தது. அந்தப் பகுதியைப் பெரிய சூறாவளி ஒன்று நேராகத் தாக்கியது கடைசியாக 1921-ல். இப்போது அங்கே முப்பது லட்சம் பேருக்கு மேல் வாழ்கிறார்கள். மேயர் ஜேன் கேஸ்டர் தொலைக்காட்சியில் தோன்றி, வெளியேறச் சொன்ன பகுதியில் தங்கினால் செத்துப்போவீர்கள் என்று நேராகவே சொன்னார். நெடுஞ்சாலைகளில் வண்டிகள் ஊர்ந்தன. பல பெட்ரோல் பங்குகள் வறண்டன.

காக்காவின் வீட்டில் இப்போது சண்டை. "உடனே கிளம்புங்க" என்கிறார் அவர். மருமகன் அசையவில்லை. அவர்கள் வீடு நகரின் வடக்கே, கடலிலிருந்து நன்கு தள்ளி இருக்கிறது. வெளியேற வேண்டிய மண்டலம் எதிலும் இல்லை. ஃபுளோரிடாவில் கரையோர மாவட்டங்களை ஏ, பி, சி என்று மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். இந்த எழுத்துகள் காற்றை வைத்துப் போட்டவை அல்ல; கடல்நீர் எவ்வளவு தூரம் ஏறும் என்பதை வைத்துப் போட்டவை. நீரிலிருந்து ஓடு, காற்றிலிருந்து ஒளிந்துகொள் என்பது அங்கே அதிகாரிகள் சொல்லும் பாடம். உறுதியான கட்டடத்தில், மேட்டில் இருப்பவர் சாலையை அடைக்காமல் வீட்டில் இருந்தால்தான் தாழ்வில் இருப்பவர் தப்பிக்க வழி கிடைக்கும். மருமகன் இதைச் சொன்னார். "கோடு மேலேயே இருக்குதே" என்றார் மாமனார். இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. நான் மருமகன் பக்கம்தான் பேசினேன். பேசிவிட்டு அன்று இரவு எனக்கும் தூக்கம் வரவில்லை.

புதன்கிழமை இரவு அங்கே எட்டரை மணி. நமக்கு வியாழன் காலை ஆறு. ஃபஜ்ரு முடிந்து நாங்கள் நான்கைந்து பேர் அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். மில்டன் மூன்றாம் வகையாக இறங்கி, மணிக்கு சுமார் 195 கிலோமீட்டர் வேகத்துடன், டாம்பாவுக்குத் தெற்கே சரசோட்டா அருகில் சியெஸ்டா கீ என்ற தீவில் கரை தொட்டது என்று செய்தி வந்தது. டாம்பாவிலிருந்து அங்கே சாலை வழியாக ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். காக்கா முகத்தை இரு கையாலும் தடவிக்கொண்டார்.

அந்த இடைவெளி என்ன செய்தது என்று பாருங்கள். பூமியின் வடபாதியில் புயல் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழலும். மேற்கிலிருந்து வந்த புயலின் தென்புறத்தில் காற்று கடலைக் கரைக்குத் தள்ளும். வடபுறத்தில் கரையிலிருந்து கடலுக்கு இழுக்கும். மையம் டாம்பா வளைகுடாவின் வாய்க்கு வடக்கே போயிருந்தால் அந்த 10-15 அடி நீர் நகருக்குள் வந்திருக்கும். தெற்கே போனதால் வளைகுடாவின் நீர் வெளியே உறிஞ்சப்பட்டு, கடல் வழக்கத்தைவிடச் சில அடி இறங்கிவிட்டது. 2017-ல் இர்மாவின்போதும் 2022-ல் இயனின்போதும் இதேபோல் வளைகுடா வற்றி, மக்கள் இறங்கி நடந்து படம் எடுத்தார்கள். பேரழிவுக்கும் வேடிக்கைக்கும் நடுவே இருந்தது சில பத்து கிலோமீட்டர்தான். எந்த விஞ்ஞானியாலும் மூன்று நாள் முன்பே இதை உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. அதற்காகத்தான் எல்லோரையும் கிளம்பச் சொல்கிறார்கள்.

சரி, டாம்பா பகுதி தப்பியதா? கோட்டுக்கு வடக்கே மழை கொட்டித் தீர்த்தது. செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 18 அங்குலத்துக்கு மேல். ஏறக்குறைய 46 சென்டிமீட்டர். பேஸ்பால் மைதானமான டிராபிகானா ஃபீல்டின் கூரை கிழிந்து பறந்தது. மீட்புப் பணியாளர்கள் தங்குவதற்காக உள்ளே கட்டில்கள் போட்டு வைத்திருந்த இடம் அது. டாம்பாவிலும் எந்த மண்டலத்திலும் சேராத தெருக்களில் வெள்ளம் புகுந்து, முதியோரைப் படகில் மீட்டார்கள். மாநிலம் முழுக்க முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போனது. காக்காவின் மகள் வீட்டிலும் மூன்று நாள் இருட்டு.

அந்த இரவின் மிகப் பெரிய துயரம் இதற்கெல்லாம் மறுகோடியில் நடந்தது. ஃபுளோரிடாவின் கிழக்குக் கரையில் செயிண்ட் லூசி மாவட்டம். புயல் கரை தொடுவதற்குச் சில மணி நேரம் முன்பே அங்கே டோர்னாடோ சுழற்காற்றுகள் இறங்கின. முதியவர்கள் வாழும் குடியிருப்பு ஒன்றில் ஆறு பேர் இறந்தார்கள். அவை அடித்தளமில்லாத, தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து வைக்கும் இலேசான வீடுகள். அன்று ஒரே நாளில் மாநிலத்தில் 126 டோர்னாடோ எச்சரிக்கைகள் விடப்பட்டன. நாடே டாம்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கிழக்குக் கரையின் அந்தக் கிழவர்களைப் பார்க்க யாரும் இல்லை.

அப்போது அங்கே ஒரு பேச்சு எழுந்தது. செத்துப்போவீர்கள் என்றார்களே, ஒன்றும் ஆகவில்லையே என்று. வெளியூர் விடுதிக்கும் பெட்ரோலுக்கும் கைக்காசைச் செலவழித்து, கூலி இழந்து திரும்பியவர்கள் இப்படிக் கேட்கும்போது அலட்சியமாகப் பதில் சொல்லக் கூடாது. மேயரின் சொல் கடுமைதான். ஆனால் ஹெலீனில் போகாமல் இருந்து மூழ்கியவர்களை இரண்டு வாரம் முன்பு எடுத்து அடக்கிய ஊரின் மேயர் வேறு எப்படிப் பேசுவார்? என் பார்வையில் குறை சொல்லின் கடுமையில் இல்லை. வெளியேறச் சொல்லும் அரசு, வெளியேறக் காசில்லாதவருக்கு என்ன செய்கிறது என்பதில்தான் இருக்கிறது. அரசு முகாம்கள் திறந்திருந்தன, சில இடங்களில் இலவச வாகனமும் இருந்தது. நாள்கூலிக்கு வேலை பார்ப்பவர் இரண்டு நாள் கழித்துப் போனால் வேலை இருக்குமா என்பதற்கு மட்டும் யாரிடமும் பதில் இல்லை.

உறுதியான பதில் இல்லாத இடத்தில் வதந்தி வந்து உட்கார்ந்துகொள்ளும். ஹெலீனுக்குப் பிறகு, அப்போதைய நாடாளுமன்ற உறுப்பினர் மார்ஜரி டெய்லர் கிரீன் வானிலையை "அவர்கள்" கட்டுப்படுத்த முடியும் என்று எழுதினார். வானிலையாளர்களுக்கு மிரட்டல்கள் வந்தன. பேரிடர் நிவாரணத் துறை பொய்களுக்கு மறுப்புச் சொல்லவே தனிப் பக்கம் திறக்க வேண்டியதாயிற்று.

நம் பக்கம் மட்டும் என்ன? காஸாவில் அப்போது ஓராண்டாக நடந்துவந்த கொடுமையைப் பார்த்து வெந்துபோன மனங்கள், மில்டனை அமெரிக்காவுக்கு வந்த தண்டனை என்று வாட்ஸ்அப்பில் பகிர்ந்தன. அந்த வேதனை எனக்கும் உண்டு. ஆனால் இன்ன புயல் இன்னாருக்கான தண்டனை என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தை நமக்கு யார் கொடுத்தது? செயிண்ட் லூசியில் இறந்த முதியவர்களா குண்டு போட்டார்கள்? 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்து நம் கரையே சவக்காடானபோது, நாகூர் தர்கா மதம் பாராமல் இடம் கொடுத்தது. 2017-ல் ஹார்வி சூறாவளியில் ஹூஸ்டன் நகரம் மூழ்கியபோது அங்குள்ள பள்ளிவாசல்கள் எல்லோருக்கும் கதவைத் திறந்து முகாம்களாயின. அந்தச் செய்தியைப் பகிர்ந்திருக்கலாம். காக்காவின் போனுக்கும் அந்தத் தண்டனைச் செய்தி வந்திருக்கிறது, அவர் பேரப் பிள்ளைகள் அந்தப் புயலின் வழியில் இருந்த அதே இரவில். யார் அனுப்பியது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் வந்தார். "வீணாப் பயந்துட்டேன் ஹஜ்ரத்" என்றார். வீண் இல்லை என்றேன். அடுத்தமுறை கோட்டைப் பார்க்காமல் வேறு மூன்று விஷயங்களைக் கேட்கச் சொன்னேன்: மகள் வீடு எந்த மண்டலம், அந்தத் தெருவில் மழைநீர் தேங்குமா, எத்தனை அடி கடல் ஏறும் என்று அறிக்கையில் போட்டிருக்கிறார்கள். போனில் மகளைக் கூப்பிட்டு அங்கேயே கேட்டார். மண்டலம் எதுவும் இல்லை. ஆனால் தெருமுனையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதாம், இதுவரை வாப்பாவிடம் சொல்லவில்லையாம். "ஏம்மா சொல்லலை?" என்றார். "நீங்க கோடு எங்கே இருக்குன்னு மட்டும்தானே கேட்டீங்க" என்றாள் மகள்.

அங்கே சூறாவளிப் பருவம் நவம்பர் 30 வரை இருக்கிறது. நேற்று இஷாவுக்குப் பிறகும் எட்டரை வரை தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார்.